தேதி போடாத கடிதங்கள்

போன மாதம் ஒரு போன் வந்தது. நான் வேலை பார்த்த பள்ளி அலுவலகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். பேர் ஷீலா. முட்டி வலி எப்படி இருக்கிறது, பேரன் நடக்கிறானா என்றெல்லாம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

“அக்கா, வெளியூர்ல தங்கி எடுக்கிற டிரெயினிங்குக்கு சர்க்குலர் வந்திருக்கு. டீச்சருங்ககிட்ட விருப்பமின்மைக் கடிதம் வாங்கி வெச்சிக்கச் சொல்றாங்க. நீங்க எழுதின மாதிரி ஒண்ணு நல்லா இருக்குமாமே? ஃபைல் பேரு இருக்கு, ஃபைலக் காணும். எந்த பீரோவுலக்கா?”

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். பாவம், அவள் மேல் இல்லை. ஓய்வுபெற்றவர்கள் சங்கத்து மலருக்கு இனிமையான அனுபவமாக ஒன்று எழுதிக் கொடுங்கள் என்று வேறு கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இனிமைக்கு வேறு ஆளைப் பாருங்கள். என்னிடம் இருப்பது இதுதான்.

நான் செசிலி. ஆசிரியை இல்லை, கிளார்க். டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, ஒரு தனியார் நிர்வாகத்தின் கடலூர் பள்ளியில் சேர்ந்தேன். 2004-ல் அதே நிர்வாகத்தின் சிதம்பரம் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றினார்கள். அரசு உதவி பெறும் பள்ளி. பேர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடலூர் முதுநகரில் வீடு, மாதா கோயிலுக்குப் பின் தெரு. காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று நின்று நின்று போய்ச் சேரும். எட்டு வருடம் அப்படிப் போய் வந்தேன்.

அங்கே எங்கள் எச்.எம். அம்மாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. எல்லோரும் அவருக்குக் ‘கண்ணு’. ‘நீங்கள்லாம் என் பொண்ணுங்க மாதிரி’ என்பார், சொல்லிவிட்டு நாம் கேட்டதை இல்லை என்பார். கத்துகிற அதிகாரியிடம் திருப்பிக் கத்தலாம். இப்படிப்பட்டவரிடம் என்ன செய்வது?

தபால் வந்தால் நான் பிரித்து, சீல் வைத்து, உள்வரும் பதிவேட்டில் எண் போட்டு அவர் மேசைக்குக் கொண்டுபோவேன். அவருக்குப் பிடித்த தபாலில் பேனாவால் சுருக்கொப்பம் போடுவார். பிடிக்காததில் ஓரத்தில் பென்சிலால் ‘பேசுக’ என்று எழுதுவார். அப்புறம் அதைப் பற்றி யாரும் பேச மாட்டோம். மேசைக் கண்ணாடிக்கு அடியில் போய்விடும். கெடு முடிந்த பிறகு ரப்பரால் ‘பேசுக’வை அழித்துவிட்டு, ‘பார்த்தேன், கோப்பில் வைக்க’ என்று பேனாவால் எழுதித் திருப்பித் தருவார். இவ்வளவு அழகாக ஒரு காகிதத்தைக் கொல்ல வேறு யாராலும் முடியாது.

பயிற்சி சர்க்குலர் என்றால் அவர் கேட்கிற முதல் கேள்வி, “தங்கணுமா?” தங்க வேண்டாம் என்றால் யாராவது போகலாம். தங்க வேண்டும் என்றால் காமர்ஸ் சார்தான். பத்தொன்பது பெண் ஆசிரியைகளுக்கு நடுவில் ஒரே ஆண் அவர். நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். கணினிப் பயிற்சிக்கு அவர் போனார். ஆங்கிலம் கற்பிக்கும் முறைக்கு அவர் போனார். கடைசியில் வளரிளம் பெண்களின் உடல்நலம் பற்றிய மூன்று நாள் பயிற்சிக்கும் அவரையே அனுப்பினார்கள். முகம் செத்துப்போய்த் திரும்பி வந்தார். “என்னா சார் சொல்லிக் கொடுத்தாங்க?” என்று கேட்டதற்கு, புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டு, “நீங்களே படிச்சிச் சொல்லிடுங்கம்மா” என்று நழுவிவிட்டார். சிரித்தோம். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வரவில்லை. எண்ணூறு பெண் பிள்ளைகள் படிக்கிற பள்ளி அது.

ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு ரெக்ஸின் பை தருவார்கள். சார் அதைக் கொண்டுவந்து டீச்சர்களுக்குக் கொடுத்துவிடுவார். ஒவ்வொருவர் தோளிலும் பயிற்சியின் பேர் அச்சடித்த பை தொங்கும், உள்ளே டிபன் பாக்ஸ். என்னிடமும் ஒன்று இருந்தது.

இனி கடிதம். அதை எழுதியவள் நான். ஆரம்பத்தில் நல்லதற்குத்தான் எழுதினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் சிதம்பரத்துக்கு வந்த வருடம் ஒரு தமிழாசிரியைக்கு மாமியார் படுத்த படுக்கை. பயிற்சிக்குப் போக முடியவில்லை, ஏன் வரவில்லை என்று விளக்கம் கேட்டு மெமோ வந்துவிட்டது. அந்த அம்மா அழுதுகொண்டு வந்து நின்றார். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக, வெளியூரில் தங்கிப் பெறும் பயிற்சிகளில் கலந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். மெமோ அதோடு நின்றது. எச்.எம். அம்மா படித்துப் பார்த்து, “செசிலி, டிராஃப்ட்டு பிரமாதம்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, “இதையே எல்லார்கிட்டயும் வாங்கி வெச்சிடும்மா. தேதி மட்டும் வேணாம், தேவப்படும்போது போட்டுக்கலாம்” என்றார். முகவரிப் படிவம், கால அட்டவணை இவற்றோடு மூன்றாவது தாளாக அதையும் நீட்டினேன். பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். யாராவது கேட்டால், “சும்மா, சம்பிரதாயம் டீச்சர்” என்று சொல்ல எனக்குச் சொல்லியிருந்தது. சொன்னேன். அப்புறம் ஒவ்வொரு ஜூனும் அதே. மேலிடத்தில் இருந்து ‘பெண் ஆசிரியைகளை ஏன் அனுப்பவில்லை’ என்று கேட்டால், ஃபைலில் இருந்து ஒன்றை எடுத்துத் தேதி போட்டு அனுப்புவோம். விருப்பமில்லையாம்! கேட்டால்தானே விருப்பம் உண்டா இல்லையா என்று தெரியும்?

2006-ல் வளர்மதி வந்தாள். இயற்பியல். குமராட்சிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அப்பா அம்மா இருவரும் நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். முதல் நாளே லேப் சாவியை வாங்கிக்கொண்டு போனவள், பாதி கருவி வேலை செய்யவில்லை என்று ஒரு பட்டியலோடு வந்தாள். எச்.எம். அம்மா அதில் ‘பேசுக’ என்று எழுதினார். அவள் பேசவே வந்துவிட்டாள்! பென்சில் எழுத்தை நம்பி வந்து நின்ற முதல் ஆள் அவள்தான். “உக்காரு கண்ணு” என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கருவி வரவில்லை.

அவள் விடவில்லை. உடைந்த குடை, சைக்கிள் டைனமோ, ஊசி மருந்துப் புட்டி இவற்றை வைத்தே பிள்ளைகளுக்குச் சோதனை செய்து காட்டினாள். அதில் ஒன்றை எழுதி எங்கோ ஆசிரியர்களுக்கான போட்டிக்கு அனுப்பியிருக்கிறாள், எங்களுக்குத் தெரியாது.

2009 மழைக்காலத்தில் அதற்குப் பதில் வந்தது. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம், இருபத்தொரு நாள் பயிற்சி. மாவட்டத்துக்கு இரண்டு பேர்தான். ஒருவர் கடலூரில் ஆண்கள் பள்ளி ஆசிரியர், இன்னொன்று வளர்மதியின் பேர். போய் வருகிறவர்கள் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கருத்தாளர் ஆவார்கள், அவர்களுடைய பள்ளிக்கு ஒரு முழு செட் ஆய்வுக் கருவி வரும் என்று போட்டிருந்தது. இந்த வாய்ப்பை ஒரு தடவைதான் தருவார்களாம். நான் பதிவேட்டில் எண் போட்டு, சந்தோஷமாகவே கொண்டுபோய் வைத்தேன். எச்.எம். அம்மா முழுதாகப் படித்தார். பென்சிலை எடுத்தார்.

இரண்டு நாள் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. மூன்றாம் நாள் வியாழக்கிழமை. கொள்ளிடத்துப் பக்கமெல்லாம் தண்ணீர். காலையில் வளர்மதி போன் செய்தாள். “அக்கா, ரோட்டு மேல தண்ணி போவுது. மினி பஸ்ஸு வரல. சி.எல். போட்டுடுங்கக்கா.” வருகைப் பதிவேட்டில் அவள் கட்டத்தில் சிவப்பு மையால் ‘சி.எல். 9’ என்று எழுதினேன், அந்த வருடத்தில் அவளுக்கு அது ஒன்பதாவது.

மத்தியானம் எச்.எம். அம்மா கூப்பிட்டார். “அந்த ஃபைல எடும்மா. வளர்மதியோடத எடுத்துத் தேதி போடு.”

“மேடம், இது அவ பேருக்கே வந்திருக்கு. ஒரு வார்த்த கேட்டுட்டு...”

“என்னாத்தக் கேக்கறது? இருபத்தொரு நாளு பிஸிக்ஸ் யாரு நடத்தறது? ரிசல்ட்டு போனா என்னத்தான கேப்பாங்க. அதுவுமில்லாம கல்யாணம் ஆவாத பொண்ணு. பெங்களூர்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவுங்க அப்பாவுக்கு நானா பதில் சொல்றது? அவ நல்லதுக்குத்தான் கண்ணு.”

கண்ணு என்றார் என்னை. ஐம்பத்தைந்து வயது எனக்கு. தேதி போட்டேன். நீல மை. அன்றைய தேதியைத்தான் போட்டேன், வேறு தேதி போடக்கூடத் தோன்றவில்லை. காலையில் அதே கை சிவப்பில் எழுதியதை மத்தியானம் மறந்துவிட்டது. கடலூர் கல்வி அலுவலகத்துக்குப் போகும் தபாலை வழக்கமாக நானே எடுத்துப் போய் மறுநாள் காலையில் சேர்த்துவிட்டு வருவேன். ரெக்ஸின் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பையின் மேல் ‘ஆசிரியர் திறன் மேம்பாடு’ என்று அச்சடித்திருந்தது. சத்தியமாக.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வளர்மதி ஜன்னலில் வந்து நின்றாள். புடவை ஓரமெல்லாம் சேறு. “அக்கா, பெங்களூரு டிரெயினிங்குன்னு எதனாச்சும் வந்துதா? கடலூர்ல என் கூட பி.எட். படிச்ச பையனுக்கு வந்திருக்காம். எனக்கும் வரும்னு சொல்றான்.”

“வரலியேம்மா” என்றேன்.

“வந்தா ஒடனே சொல்லுங்கக்கா. அப்பாகிட்ட இப்பவே சொல்லி வெச்சிட்டேன். போயிட்டு வான்னுட்டாரு.” அவ்வளவு சிரிப்பு அவள் முகத்தில். அவள் அப்பா சரி என்றுவிட்டார். அந்த மனிதருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான் நாங்கள் இந்த வேலையைச் செய்திருந்தோம்.

பயிற்சி முடிந்து அந்தப் பையன் திரும்பிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. முதல் நாள் அங்கே அவள் பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார் என்று யாரோ படித்திருக்கிறார்கள். வளர்மதி நேராகக் கடலூர் அலுவலகத்துக்குப் போய்க் கடிதத்தின் நகலை வாங்கிவிட்டாள். திங்கட்கிழமை காலை மணி அடிக்கும் முன்பே என் மேசைக்கு வந்தாள். நகலை வைத்தாள். வருகைப் பதிவேட்டை அவளே எடுத்துப் புரட்டி, அந்த வியாழக்கிழமையில் விரலை வைத்தாள்.

“அன்னிக்கு நான் எங்கக்கா இருந்தேன்?”

நகலையும் அதன் பக்கத்தில் நகர்த்தினாள்.

“செவப்புல எழுதினதும் நீங்க. நீலத்துல எழுதினதும் நீங்க. ரெண்டும் உங்க ‘ஒம்போது’தான்க்கா. உங்களுக்கு மட்டும்தான் அப்படி வால் சுழிக்கும்.”

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். எச்.எம். அறைக்குப் போகாமல் என்னிடம் வந்தாளே, அதுதான் இன்றும் அறுக்கிறது. நான் அவள் பக்கம் நிற்பேன் என்று நினைத்திருக்கிறாள்.

புகார் எழுதினாள். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். வருவதற்கு முதல் நாள் எச்.எம். அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எனக்கு நாற்காலி கொடுத்தது அன்றைக்குத்தான். “உனக்கு ரெண்டரை வருஷம்தான இருக்கு, செசிலி? நல்லபடியா முடிச்சிட்டுப் போவணும். இந்த நேரத்துல ஒரு சார்ஜு கீர்ஜுன்னு வந்தா தாங்குவியா நீ?” என்று அக்கறையாகக் கேட்டார்.

விசாரணை எச்.எம். அறையிலேயே நடந்தது. அதிகாரி நகலையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முட்டாள் இல்லை அவர்.

“லீவுல இருந்தவங்க எப்படி லெட்டர் குடுத்தாங்க?”

“நேர்ல வந்து குடுத்துட்டுப் போனா சார்” என்றார் எச்.எம். அம்மா, கொஞ்சமும் குரல் ஏறாமல்.

“எப்படி மேடம் வந்தேன்?” வளர்மதியின் குரல் உடைந்தது. “எங்க ஊருக்கு அன்னிக்கு பஸ்ஸே இல்ல. இடுப்பளவு தண்ணி. நீந்தியா வந்தேன், எனக்கு விருப்பமில்லன்னு சொல்றதுக்கு?”

“கையெழுத்து உங்களுதுதான?” என்றார் அதிகாரி.

“என்னுதுதான் சார். ஜூன்ல போட்டது. எல்லாரும் போட்டோம். தேதி கெடையாது அப்ப. அக்காவக் கேளுங்க. அவுங்களுக்குத் தெரியும்.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “இந்தத் தேதி யாரு எழுத்தும்மா?”

வளர்மதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எச்.எம். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

“ஞாபகம் இல்ல சார்” என்றேன்.

படிக்காமல் கையெழுத்துப் போடுவது தவறு என்று வளர்மதிக்கு அறிவுரை சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஆய்வுக் கருவி செட் வேறு ஏதோ ஓர் ஆண்கள் பள்ளிக்குப் போனது.

அடுத்த ஜூனில் வழக்கம்போல மூன்றாவது தாளை நீட்டினேன். ஆமாம், மறுபடியும் நீட்டினேன், இவ்வளவுக்குப் பிறகும். வளர்மதி மட்டும் அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் ‘எனக்கு விருப்பம் உண்டு’ என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். எச்.எம். அம்மா படித்துவிட்டு, “என்னா கண்ணு, கல்யாணத்துக்கா விருப்பம்?” என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். மற்ற பதினெட்டு பேரும் முன்பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

ஒரு வருடத்தில் அவள் அரசு ஆசிரியர் தேர்வு எழுதி, மங்கலம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போய்விட்டாள். விடுவிப்பு ஆணையை என்னிடம்தான் வாங்க வேண்டும். வாங்கியவள் கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். “தேதி சரியா போட்டிருக்கீங்களான்னு ஒரு தடவ பாத்துக்கறேன்க்கா.” பார்த்தாள். மடித்தாள். போனாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

அவள் இடத்துக்கு ஆள் போடவில்லை. அந்த வருடமே பதினொன்றாம் வகுப்பில் முதல் குரூப்பை மூடினார்கள். குமராட்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வளர்மதி டீச்சரிடம் படிக்க வேண்டும் என்றே விண்ணப்பம் வாங்க வந்தவள், நல்ல மார்க். “குரூப்பே இல்லம்மா, காமர்ஸ் தரட்டுமா?” என்று கேட்டவளும் நான்தான். அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பையன்களும் படிக்கிற பள்ளிக்கு அனுப்ப மாட்டார்களாம் வீட்டில். அந்தப் பெண் காமர்ஸ் எடுத்துக்கொண்டாள்.

2012-ல் எனக்குப் பிரிவு விழா நடந்தது. சால்வை, சுவர்க் கடிகாரம். “செசிலி ஒரு நாள்கூட எனக்குப் பிரச்சினை குடுத்ததில்ல” என்று எச்.எம். அம்மா மேடையில் பேசினார், எல்லோரும் கை தட்டினார்கள். அதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. அந்த ஃபைலைக் கிழித்துப் போட எனக்கு ஒரு மாதம் அவகாசம் இருந்தது. கிழிக்கவில்லை. பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் ‘விருப்பமின்மைக் கடிதங்கள், ஒரு கோப்பு’ என்று அழகாக எழுதி, கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிட்டு வந்தேன். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஷீலா போன மாதம் எனக்குப் போன் செய்திருக்கிறாள்.

நேற்று நானே அவளைக் கூப்பிட்டேன்.

“மாதிரி வேணும்னியே, எழுதிக்க.”

“சொல்லுங்கக்கா.” காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“செசிலி ஆகிய நான், ஓய்வுபெற்ற கிளார்க், எழுதிக்கொடுக்கும் வாக்குமூலம். வளர்மதி டீச்சர் கடிதத்தில் உள்ள தேதி என் எழுத்து. அன்றைக்கு அவர் பள்ளிக்கு வரவில்லை. பயிற்சிக்கு அவருக்கு விருப்பம் இருந்தது. அவரை யாரும் கேட்கவில்லை. விசாரணையில் நான் ஞாபகம் இல்லை என்று சொன்னது பொய்.”

அந்தப் பக்கம் பேனா நின்றுவிட்டது. வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

“அக்கா,” என்றாள் மெதுவாக, “கீழ தேதி விட்டுடறதா?”

“போடும்மா. திங்கக்கெழம தேதியப் போடு. ஏழு மணி பஸ்ல வந்து நானே கையெழுத்துப் போடறேன்.”